பலகை இருக்கும் இடத்தில் கிழமை

அந்தப் பலகை இரண்டு உள்ளங்கைகளைச் சேர்த்து விரித்தால் வரும் அளவுதான். பைன் மரம். மேல் விளிம்பில் துளையிட்டுச் சணல் கயிறு கோத்திருக்கும். முகப்பில் சூட்டுக்கோலால் எழுதிய எழுத்தில் ‘கேர்வோக்கெ’ என்று இருக்கும். கூட்டும் கிழமை, அதாவது கூட்டும் வாரம் என்று பொருள். ஸ்டுட்கார்ட்டில் வாடகைக்குக் குடியிருந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். பல குடும்பங்கள் இருக்கும் மாடிவீட்டில் படிக்கட்டு, வாசல், நடைபாதை எல்லாவற்றையும் கிழமைக்கு ஒரு குடும்பம் கூட்டிக் கழுவவேண்டும். யாருடைய முறையோ அவர்கள் கதவில் பலகை தொங்கும். சனிக்கிழமை வேலை முடிந்ததும் அதைக் கழற்றி அடுத்த வீட்டுக் கதவில் மாட்டிவிடவேண்டும். சங்கதி அவ்வளவுதான். அந்த அவ்வளவுதானை வேதமாக்கி வைத்திருந்தவர் என் அத்தான், அக்காவின் புருஷன். போன மாதம் அந்தப் பலகை என் மேசைக்கு வந்து சேர்ந்தது. தென்சீனத்து மலைக்கிராமம் ஒன்றில் பதினேழு வருடம் ஊறுகாய்ச் சாடிக்கு மூடியாக இருந்துவிட்டு வந்திருக்கிறது. மணந்து பார்த்தால் இன்றைக்கும் மிளகாயும் உப்பும் மணக்கிறது.

நான் ஜெர்மனிக்கு வந்த நாளிலிருந்து ஒன்பது வருடம் அக்கா வீட்டின் சின்ன அறையில் இருந்தேன். அத்தானுக்கு ஒரு தொழிற்சாலையின் களஞ்சியத்தில் வேலை. அக்கா விடியற்காலையில் அலுவலகங்கள் துப்புரவு செய்யப் போவாள். வீட்டுக்கார அம்மா கீழ்த்தளத்தில் இருந்த ஒரு கிழவி. அவர் எப்போதோ ஒரு முறை, ‘உங்கள் கிழமையில்தான் இந்தப் படிக்கட்டு படிக்கட்டாக இருக்கிறது’ என்று அத்தானிடம் சொல்லிவிட்டார். ஒரு மனிதனைக் கெடுக்க அது போதும். கலியாண வீடு, சாமத்திய வீடு, கோயில் திருவிழா என்று எங்கே நாலு தமிழர் கூடினாலும் அத்தான் அந்த வசனத்தை எடுத்து வைப்பார். ‘எங்கட ஆக்கள் ஊத்தை எண்டு இனி ஒருத்தனும் சொல்லேலாது’ என்று முடிப்பார். படிக்கட்டைக் கூட்டியது யார் என்பதை மட்டும் சொல்லமாட்டார். அந்த மனிதர் தும்புத்தடியைத் தொட்டு நான் கண்டதில்லை. அக்கா நாலு மாடியும் முழங்காலில் நின்று துடைத்துவிட்டு மேலே வந்ததும், சேட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு இவர் கீழே இறங்குவார். கைப்பிடியில் ஒரு விரலை ஓடவிட்டுக்கொண்டே போவார். விரலில் தூசி பட்டால் அதை அக்காவின் முகத்துக்கு நேரே கொண்டுவந்து காட்டுவார். ‘பாரும்’ என்பார். அவ்வளவுதான் பேச்சு.

கீழ்மாடியில் இருந்தவர் ஒரு முறை பலகையை ஒரு நாள் முந்தி எங்கள் கதவில் மாட்டிவிட்டுப் போய்விட்டார். அக்கா இருமலும் காய்ச்சலுமாகப் படுத்திருந்தாள். ‘நாளைக்குத்தானே எங்கட முறை’ என்று நான் சொன்னேன். அத்தான் பெரிய நீதவான் மாதிரிக் கதிரையில் சாய்ந்துகொண்டு, ‘பலகை எங்க இருக்கோ, அங்கதான் கிழமை’ என்றார். அக்கா எழும்பிக் கூட்டினாள். சட்டம் எழுதிய ஜெர்மன்காரனுக்கே தோன்றாத சட்டம் இது. அவனாவது நாட்காட்டியைப் பார்ப்பான்.

இரண்டாயிரமாம் ஆண்டுகளின் நடுப்பகுதியில் ஒரு இலையுதிர் காலத்தில் அக்காவுக்குக் கர்ப்பப்பையில் சத்திரசிகிச்சை நடந்தது. குனியக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது, மூன்று கிழமை எங்காவது ஓய்வு விடுதியில் போய் இருக்கட்டும், அதற்குக் காப்புறுதியே காசு கொடுக்கும் என்று வைத்தியர் சொன்னார். அன்ட்ராக் என்கிற விண்ணப்பப் படிவம் அத்தானின் மேசையில் ஒரு மாதம் கிடந்தது. ‘அன்ட்ராக் போட்டா மூண்டு கிழமை இவவை அங்க தனிய விடவேணும். சமையல் ஆர் செய்யிறது?’ என்று கேட்டார். வெட்கமில்லாமல் என்னையும் பார்த்துக்கொண்டே கேட்டார். அக்கா காயம் ஆறியும் ஆறாமலும் மறுபடி வேலைக்குப் போனாள். நெற்றியில் ஒரு மஞ்சள் நிறம் வந்துவிட்டிருந்தது. இவள் இப்படியே போய்ச் சேர்ந்துவிடுவாளோ என்று நான் பயந்தேன்.

முதியோர் இல்லத்தில் என்னோடு வேலை செய்த சீனத் தோழிக்கு இதையெல்லாம் உடுப்புத் தோய்க்கும் அறையில் வைத்துச் சொல்லி அழுதேன். அவள் சட்டென்று, ‘எங்கள் சீனப் புத்தாண்டுக்கு நான் ஊருக்குப் போகிறேன், அக்காவையும் கூட்டிக்கொண்டு வா, அம்மா தனியாகத்தான் இருக்கிறா’ என்றாள். அத்தான் சம்மதிப்பார் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. ஆனால் முந்திய வருடம்தான் எங்கள் மூவருக்கும் ஜெர்மன் கடவுச்சீட்டுக் கிடைத்திருந்தது. அதில் ஒரு முத்திரைகூட விழவில்லை. அவருடைய வேலையிடத்தில் எல்லோரும் விடுமுறைக்குத் தூரதேசம் போய்ப் படம் காட்டினார்கள். ‘சீனா எண்டா சொல்லிக்கொள்ளலாம்’ என்று தானும் வருவதாக முடிவு செய்தார். அக்காவின் ஓய்வுக்காக நான் தேடிய வழியில் அக்காவின் வேலையும் கூடவே வந்து ஏறிக்கொண்டது.

புறப்பட்ட சனிக்கிழமை எங்கள் முறையின் கடைசி நாள். அக்கா முதல் நாளே எல்லாவற்றையும் கழுவிவிட்டாள். பலகையை எதிர்வீட்டுக் கதவில் மாட்டுவது மட்டும் அத்தானின் பொறுப்பு. அது கொஞ்சம் மரியாதையான வேலை என்பதால் அதை அவர் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. பெட்டி, டாக்ஸி, பயணச்சீட்டு என்ற அந்தர அவசரத்தில் பலகையைக் கோட்டின் உள்பையில் வைத்தவர் அதை அப்படியே மறந்துபோனார்.

தோழியின் கிராமத்துக்குப் போய்ச் சேர இரண்டு நாள் பிடித்தது. பேருந்து மலை அடிவாரத்தில் இறக்கிவிட்டது. மிச்சம் கல்லுப் படிகள். அக்கா பத்துப் படிக்கு ஒரு தரம் நின்று மூச்சு வாங்கினாள். அத்தான் படிகளின் ஓரத்தில் கிடந்த வாழைச் சருகுகளைப் பார்த்து முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்தார். முப்பது வீடுகளுக்கு மேல் இராது. எல்லாம் கறுத்த மரவீடுகள். சுற்றிலும் படிப்படியாக வெட்டிய வயல்கள், அறுவடை முடிந்து தண்ணீர் மட்டும் நின்றது. காலையில் பனிமூட்டம் முற்றம் வரை வந்து நிற்கும். தோழியின் தாய் அறுபது வயது மனுஷி. எங்களைக் கண்டதும் அக்காவின் முகத்தை மட்டும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அவளைக் கூட்டிக்கொண்டுபோய், அடியில் கரியடுப்பு வைத்த மேசைக்கு முன் இருத்தி, மேசையைச் சுற்றித் தொங்கிய கனத்த போர்வைக்குள் அவள் கால்களை எடுத்து விட்டார். அந்த இடத்திலிருந்து அக்காவை எழும்ப விடவில்லை.

புத்தாண்டுக்கு முதல் நாள் மாலை அந்த அம்மா வீடு முழுவதையும் கூட்டினார். பிறகு விளக்குமாறுகளை எல்லாம் எடுத்துக்கொண்டுபோய்ப் பன்றிக்கூட்டுக்குப் பின்னால் மறைத்துவைத்தார். இனி ஐந்தாம் நாள் வரை யாரும் கூட்டக்கூடாது, கூட்டினால் வருடத்தின் நல்லது எல்லாம் குப்பையோடு வாசலால் போய்விடும் என்று தோழி விளக்கினாள். அக்கா அதை நம்பமுடியாதவளாக என் பக்கம் திரும்பினாள்.

‘அஞ்சு நாளைக்கு விளக்குமாறே இல்லையோ?’

‘இல்லையாம்.’

‘உண்மையாவோ? ஒருத்தரும் கேக்கமாட்டினமோ?’ என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். அக்கா சிரித்து நான் கண்டு எத்தனையோ காலம். அத்தான் அப்போதுதான் கைக்குட்டை எடுக்கக் கோட்டுக்குள் கைவிட்டார். கை பலகையோடு வெளியே வந்தது.

அந்த முகத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். ஒருவர் செத்த செய்தி வந்தால்கூட அவர் அப்படி ஆடிப்போகமாட்டார். உடனே ஸ்டுட்கார்ட்டுக்குத் தொலைபேசி எடுக்கவேண்டும் என்றார். கிராமத்தின் ஒரே தொலைபேசி கீழே கடையில் இருந்தது. கடைக்காரர் புத்தாண்டுக்குப் பூட்டிவிட்டு மாமியார் வீட்டுக்குப் போய்விட்டார். கைத்தொலைபேசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு அத்தான் வயல் வரம்பெல்லாம் அலைந்தார். மலைகளுக்கு அவர் மேல் இரக்கம் பிறக்கவில்லை. திரும்பி வந்து, ‘அங்க படியில தூசி ஏறிக்கொண்டிருக்கும். பலகை எங்களிட்ட. அப்ப கிழமை எங்கட’ என்று புலம்பினார். நான் சிரிப்பை அடக்கவில்லை, அடக்க முயலவும் இல்லை.

முதல் இரண்டு நாளும் அக்காவின் நாட்கள். ஒன்பது மணி வரை நித்திரை கொண்டாள். எழும்பினால் பொரித்த அரிசியும் இஞ்சியும் போட்ட உப்புத் தேநீர். பிறகு போர்வைக்குள் காலை வைத்துக்கொண்டு சூரியகாந்தி விதை கொறிப்பாள். அங்கே கோதைக் கையில் வைத்திருக்கும் வழக்கம் கிடையாது. நிலத்தில் துப்பவேண்டும். அக்கா முதலில் கோதுகளை உள்ளங்கையில் சேர்த்துவைத்துக்கொண்டு எங்கே போடுவது என்று தேடினாள். அந்த அம்மா அவள் கையைப் பிடித்துக் கவிழ்த்துக் கோதுகளை நிலத்தில் கொட்டிவிட்டார். அதற்குப் பிறகு அக்கா பழகிவிட்டாள். நிலக்கடலைத் தோல், நாரத்தைத் தோல், விதைக் கோது எல்லாம் மேசையைச் சுற்றிக் கணுக்கால் உயரத்துக்கு வந்தன. முற்றத்தில் வெடித்த சீனவெடியின் சிவப்புத் தாள் நனைந்து கிடந்தது. அக்காவும் அந்த அம்மாவும் ஒருவர் பேசுவது மற்றவருக்கு விளங்காமலே மணிக்கணக்காகப் பேசினார்கள். நெற்றியின் மஞ்சள் இரண்டே நாளில் குறைந்ததை நான் கண்ணால் கண்டேன்.

அத்தானுக்கு அந்த அறைக்குள் மூச்சு முட்டியது. யாரும் பார்க்காத நேரம் குனிந்து கோதுகளைப் பொறுக்கித் தன் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வார். நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்பது அவருக்கும் தெரியும். ‘என்ன மூடநம்பிக்கை இது, இருபத்தோராம் நூற்றாண்டில’ என்று தோழிக்கு விளங்கக்கூடாதென்று தமிழில் முணுமுணுப்பார். சொல்பவர் யார்? வெள்ளிக்கிழமை வீட்டில் யாராவது நகம் வெட்டினால் குதிப்பவர். விளக்கு வைத்த பிறகு கூட்டினால் இலட்சுமி போய்விடுவாள் என்று அக்காவின் கையிலிருந்து தும்புத்தடியைப் பறித்தவர். அதுவும் கூட்டுவதற்காக அல்ல, மூலையில் சாத்துவதற்காக. இலட்சுமியைத் தன் வீட்டில் மட்டும் பிடித்து வைத்திருந்தால் போதும் அவருக்கு. அடுத்தவன் வீட்டு இலட்சுமி குப்பை.

மூன்றாம் நாள் காலை தோழியின் தாய் கீரை பறிக்கப் போயிருந்தார். தோழி தண்ணீர் எடுக்கப் போனாள். அத்தான் பன்றிக்கூட்டுப் பக்கம் போய் விளக்குமாறு ஒன்றோடு வந்தார். அதை அக்காவின் முன்னால் நீட்டினார்.

‘எழும்பும். அந்தாக்கள் வாறதுக்கு முதல் ஒருக்காக் கூட்டிவிடும்.’

அக்கா விளக்குமாற்றைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். கால்களைப் போர்வைக்குள் இன்னும் கொஞ்சம் இழுத்துக்கொண்டாள்.

‘ஏலாது’ என்றாள்.

பதினான்கு வருடத்தில் அந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து அவர் கேட்டதில்லை. உரத்துக்கூடச் சொல்லவில்லை. விதையை வாயில் போட்டுக்கொண்டே சொன்னாள். அத்தானுக்குக் காது சிவந்தது. ‘அப்ப நான் கூட்டுறன்’ என்று மிரட்டினார். அதைக் கேட்டு அக்கா துடித்து எழும்புவாள் என்று எதிர்பார்த்திருப்பார். அவள் இருந்தபடியே இருந்தாள். ஆகவே அந்த மனிதர் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கூட்டினார். பிடிக்கத் தெரியவில்லை. குப்பையைத் தன் கால்மேலேயே தள்ளிக்கொண்டு, தூசியைக் கிளப்பி, இருமி, கடைசியில் எல்லாவற்றையும் வாசலால் வெளியே தள்ளி முற்றத்து வாய்க்காலுக்குள் இறக்கினார். பிறகு நிமிர்ந்து நின்று, ஸ்டுட்கார்ட்டில் கைப்பிடியைப் பார்ப்பது போலத் தரையைப் பார்த்தார்.

அந்த அம்மா கீரைக் கூடையோடு முற்றத்தில் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது. கத்தவில்லை. கூடையை இறக்கி வைத்தார். வாய்க்கால் ஓரத்தில் குந்தி, நனைந்த கோதுகளைக் கையால் அள்ளித் தன் மேலங்கியின் முன்பக்கத்தில் சேர்க்கத் தொடங்கினார். அக்கா போர்வையை விலக்கிக்கொண்டு எழும்பினாள். குனியக்கூடாது என்ற வைத்தியரின் சொல் எனக்கு ஞாபகம் வந்தது, அவளுக்கு வந்ததோ தெரியவில்லை. அந்த அம்மாவுக்குப் பக்கத்தில் போய்க் குந்தினாள். இரண்டு பேருமாகக் குப்பையை அள்ளினார்கள், உள்ளே கொண்டுவந்தார்கள், மேசையைச் சுற்றி முன்பு கிடந்த மாதிரியே பரவிப் போட்டார்கள். கோலம் போடுகிறவர்களின் கவனம் அதில் இருந்தது. முடிந்ததும் அந்த அம்மா அக்காவை மறுபடி இருத்தி, கால்களைப் போர்வைக்குள் விட்டார். தண்ணீர் வாளியோடு வந்த தோழி வாசலிலேயே நின்றுவிட்டாள். ‘நல்லதுக்குத்தானே செய்தனான்’ என்றார் அத்தான். அதை ஒருவரும் சீன மொழிக்கு மாற்றவில்லை.

அதன்பிறகு அவர் முற்றத்துக் கல்லில்தான் இருந்தார். ஆறாம் நாள் நாங்கள் புறப்படப் பெட்டி அடுக்கும்போது பலகையைக் காணவில்லை. அத்தான் மூன்று பெட்டிகளையும் கவிழ்த்துக் கொட்டினார். கோட்டின் உள்துணியைக்கூடக் கிழித்துப் பார்த்தார். அக்கா, ‘எனக்குத் தெரியாது’ என்றாள். வரும் வழியெல்லாம் அவர் வீட்டுக்கார அம்மாவுக்கு எழுதவேண்டிய மன்னிப்புக் கடிதத்தை மனத்துக்குள் எழுதிக்கொண்டு வந்தார்.

ஸ்டுட்கார்ட்டில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகியிருக்கவில்லை. எதிர்வீட்டுக்காரர் சப்பாத்துப் பெட்டி மட்டையில் பேனாவால் எழுதி மாட்டியிருந்தார். பலகை தொலைந்ததை வீட்டுக்கார அம்மா கவனிக்கவே இல்லை. அத்தான் இரண்டு பக்கக் கடிதமும் எழுதி, தன் செலவில் புதிய பலகையும் செய்வித்துக் கொடுத்தார். முறை வந்த சனிக்கிழமை அக்கா படியைக் கழுவினாள். சீனத்து ‘ஏலாது’ சீனத்திலேயே நின்றுவிட்டதே என்று எனக்கு ஆத்திரம் வந்தது. ஆத்திரப்பட்டேன், அவ்வளவுதான். ஒன்பது வருடத்துச் சனிக்கிழமைகளில் தும்புத்தடி படியில் இடிபடும் சத்தத்தை நான் கட்டிலில் கிடந்தபடிதான் கேட்டிருக்கிறேன். முதியோர் இல்லத்து வேலை, களைப்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அத்தானை இகழ்வதற்கு மட்டும் எனக்கு எப்போதும் உடம்பில் தெம்பு இருந்தது.

பிறகு நான் வேறு வீடு போனேன். வருடங்கள் போயின. தோழியின் தாயை அவளுடைய தம்பி நகரத்துக்கு அழைத்துக்கொண்டான். போன மாதம் தோழி ஊருக்குப் போய்ப் பழைய வீட்டை ஒதுக்கிவிட்டு வந்தபோது, துணியில் சுற்றிப் பலகையைக் கொண்டுவந்து தந்தாள். ‘ஊறுகாய்ச் சாடியின் மேல் இருந்தது, உங்களுடையதுதானே?’ என்றாள். பின்புறத்தில் சாடியின் வாய் வட்டமாகப் பதிந்திருந்தது. எனக்குச் சந்தோசத்தில் தலைகால் புரியவில்லை. அக்கா விழுந்து விழுந்து சிரிப்பாள் என்று எண்ணிக்கொண்டு அடுத்த சனிக்கிழமையே ஓடினேன். அக்கா அப்போதுதான் படி கழுவிவிட்டு மேலே வந்திருந்தாள். முழங்காலில் பட்டி கட்டியிருந்தாள். ஓய்வூதியம் எடுக்கும் அத்தான் உள்ளறையில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார். குசினிக் கதவைச் சாத்திவிட்டுப் பலகையை மேசையில் வைத்தேன்.

அக்கா சிரிக்கவில்லை. அதைத் தொடவும் இல்லை.

‘ஏனடி கொண்டந்தனீ?’ என்றாள்.

‘துலைஞ்ச சாமான் எல்லே. உனக்குச் சந்தோசமாயிருக்கும் எண்டு...’

‘துலையேல்லை. நான்தான் அந்த அம்மாவிட்டக் குடுத்திட்டு வந்தனான்.’ ஈரக் கைகளைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். ‘அவர் சொல்லுறவரெல்லே, பலகை எங்க இருக்கோ அங்கதான் கிழமை எண்டு. பலகை அங்க கிடந்தது. ஒவ்வொரு முறையும் படி கழுவேக்க நான் அதைத்தான் நினைக்கிறனான். இது என்ர கிழமை இல்லை. என்ர கிழமை அங்க நடக்குது. நான் அங்க போர்வைக்குள்ள காலை வைச்சுக்கொண்டிருக்கிறன். கோது நிலத்தில கிடக்கு. ஒருத்தரும் இன்னும் கூட்டேல்லை.’

முழங்கால் பட்டியை அவிழ்த்துச் சுருட்டி வைத்தாள்.

‘இப்ப நீ அதை முடிச்சுப்போட்டாய்’ என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம்.

அத்தான் அன்று கூட்டித் தள்ளியது ஒரு காலைப்பொழுது. அதைக் கையால் அள்ளித் திருப்பிப் போட முடிந்தது. நான் பதினேழு வருடத்தை ஒரே தள்ளாகத் தள்ளி வாசலால் வெளியே போட்டுவிட்டேன், அதுவும் பரிசு கொண்டுவருகிறேன் என்ற எண்ணத்தில். ‘நல்லதுக்குத்தானே செய்தனான்’ என்று என் வாயில் வந்தது. அந்த வசனத்தை முதலில் யார் வாயில் கேட்டேன் என்று நினைத்ததும் விழுங்கிக்கொண்டேன். பலகையைத் துணியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அன்று மாலையே அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன். ‘பலகை இப்ப என்ர வீட்டில. அப்ப உன்ர கிழமையும் இஞ்சதான். உங்கட முறை திரும்ப வாற சனிக்கிழமை காலமை வெளிக்கிட்டு வா’ என்றேன். ‘பிறகு பாப்பம்’ என்று வைத்துவிட்டாள்.

ஆனால் முறை வந்த இந்தச் சனிக்கிழமை வந்தாள். துருக்கிக் கடையில் ஒரு பை சூரியகாந்தி விதை வாங்கி வைத்திருந்தேன். சோபாவில் இருத்திப் போர்வையைக் காலில் போட்டுவிட்டேன். முதல் கோதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் அவள் கையைப் பிடித்துக் கவிழ்த்துவிட்டேன். பத்து மணியளவில் தொலைபேசி அடித்தது. அத்தானின் இலக்கம். எங்கள் முறை, படி கழுவவில்லை, எங்கே போனீர் என்று கேட்பதற்காக இருக்கும். நான் எடுக்க எழும்பினேன்.

‘அடிக்கட்டும், இரு’ என்றாள் அக்கா.

தொலைபேசி நெடுநேரம் அடித்து ஓய்ந்தது. பலகை என் கதவின் உட்பக்கம் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. கோதுகள் கம்பளத்தில் அவள் காலடிவரை வந்திருந்தன. இன்று செவ்வாய்க்கிழமை, நான் அவற்றை இன்னும் கூட்டவில்லை.